ராஜநாயக்கனின் நன்றி



பண்ருட்டிக்குப் பக்கத்துச் சேரியில் வாழ்ந்த என் ஆயா, ‘ஸ்தோத்திரம் ஆண்டவரே’ என்று சொல்லாமல் கூழில்கூடக் கைவைக்க மாட்டார். சமூகவியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்த நான் ஒருநாள் கேட்டேன்: “வெறுங்கூழுக்கு எதுக்கு ஆயா இவ்ளோ நன்றி?” ஆயா சிரித்தார். “கூழுக்கு இல்லடா. என்னையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாரே, அதுக்கு.”

ஊரார் ‘ஏய்’ என்று கூப்பிட்ட ஒரு பெண்ணுக்குப் பெயர் கிடைத்தது சின்ன விஷயமல்ல. ஆனால் நன்றி என்ற சொல்லை நம்மிடம் எல்லோருமே எதிர்பார்க்கிறார்கள். படியளந்த பண்ணையாரும் கேட்டார். பள்ளி வைத்த மிஷனும் கேட்டது. அதனால் யாருக்கு நன்றி, எதற்கு நன்றி என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு நம் மாவட்டத்து வரலாறே போதும்.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1717-இல் கடலூரில் தரும பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்க ஏற்பாடு செய்தார். கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்ற வேளாள இளைஞர் 1718-இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28 அன்று அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்டு போதகர் என்று வரலாறு அவரைச் சொல்கிறது. நம் கடலூருக்கு அது பெருமைதான்.

அந்தப் பட்டத்துக்கு இன்னொருவர் பெயரும் பேசப்பட்டது. அவர் ராஜநாயக்கன். பறையர் குலத்தில் பிறந்தவர், தஞ்சை அரசரின் படையில் சேவகம் செய்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் தானே வாசித்து அந்த விசுவாசத்துக்கு வந்தவர். தஞ்சைப் பகுதியில் சபையை வளர்த்த உபதேசியார். அவருடைய பக்தியிலோ உழைப்பிலோ மிஷனரிகள் குறை காணவில்லை. ஆனாலும் அவருக்குப் பட்டம் இல்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள் என்பதே காரணம். 1741-இல் இரண்டாவது போதகராகப் பட்டம் பெற்ற தியோகுவும் வேளாளரே.

ராஜநாயக்கன் சபையை விட்டுப் போகவில்லை. இறுதிவரை உபதேசியாராகவே ஊழியம் செய்தார். அடங்கிப் போனார் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் புத்தகத்தை மிஷனரியின் வாயிலிருந்து கேட்கவில்லை, தன் கண்ணால் வாசித்தார். எழுத்தைத் தொடக்கூடாது என்று வைக்கப்பட்டிருந்த ஒருவன் வேதத்தையே வாசித்துவிட்டான் என்றால், அதற்குப் பிறகு அவனுக்கு அதை எடுத்துச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. பட்டத்தை மறுத்தவர்களால் அந்த வாசிப்பைப் பறிக்க முடியவில்லை. அவருடைய நன்றி அந்தச் சொல்லுக்கானது. பந்தியைப் பிரித்தவர்களுக்கானது அல்ல.

நூறாண்டு கழித்தும் பந்திச் சண்டை ஓயவில்லை. 1850-களில் லைப்சிக் மிஷனில் அதே கேள்வி வெடித்தது. சாதி இந்நாட்டுச் சமூக வழக்கம், சுவிசேஷம் அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும் என்றார் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல். குருப்பட்டம் பெறுகிறவர் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக உட்கார்ந்து உண்டு, சாதியை விட்டதைக் காட்ட வேண்டும் என்று வாதிட்டவர்களில் ஒருவர் கார்ல் ஓக்ஸ். ஒத்துப்போகாமல் வெளியேறிய ஓக்ஸ், 1860-களின் தொடக்கத்தில் பண்ருட்டி பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் ‘பெத்தானியா’ என்ற நிலையத்தை அமைத்தார். பிறகு டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் இதுவே. நம் மாவட்டத்தில் ஒரு திருச்சபை, ஒரே பந்தியில் உட்காருவதா என்ற சண்டையில் பிறந்திருக்கிறது. அந்தச் சபையின் பிள்ளைகள் இந்தப் பிறப்பை மறக்கக் கூடாது.

இதே மாவட்டத்தின் சிதம்பரத்தையும் நினைத்துப் பாருங்கள். நந்தன் உள்ளே போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. 1916-இல் சுவாமி சகஜானந்தர் அங்கே நந்தனார் பெயரில் கல்விச்சாலை தொடங்கியபோது, நெருப்பு இல்லாமல் நுழையும் ஒரு வாசலை நம் பிள்ளைகளுக்குத் திறந்தார். மதம் வேறு, வழி வேறு, தேடியது ஒன்றுதான். தன்னை மனுஷன் என்று ஒப்புக்கொள்ளும் ஓர் இடம்.

அந்த இடம் முழுசாகக் கிடைத்துவிட்டதா? 2008 மார்ச் 9 அன்று, அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர். கோயிலில் தனி இடம், தனிக் கல்லறை என்ற அவமானத்தை எதிர்த்து, தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள் தலித் கத்தோலிக்கர்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே அப்பத்தைப் பங்கிடுகிறவர்கள் செத்த பிறகும் ஒரே மண்ணைப் பங்கிட மாட்டோம் என்றார்கள்.

அரசும் தன் பங்குக்குக் கைவிட்டது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கதவு திறந்தது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காதீர்கள் என்று பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. தலித் கிறிஸ்தவருக்குக் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. கோயிலுக்குள் சாதி பார்க்கிறார்கள். ஒதுக்கீடு கேட்டால் உன் மதத்தில் சாதி இல்லையே என்கிறார்கள்.

“இவ்வளவுக்குப் பிறகும் ஏன் சார் நன்றி?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என் பதில் இதுதான். எழுத்தும் பெயரும், கடவுள் முன்னால் நானும் ஒரு ஆள் என்ற நிமிர்வும் எங்களுக்கு வந்தன. அவை உண்மையான ஆசீர்வாதங்கள். அவற்றுக்கு ஆயா நன்றி சொன்னார், நானும் சொல்கிறேன். ஆனால் வாங்கியது வாக்குறுதி. வாக்குறுதிக்கு நன்றி சொல்கிறவன் அதை நிறைவேற்றச் சொல்லிக் கேட்கவும் கடமைப்பட்டவன். கேட்காமல் சொல்லும் நன்றி பண்ணையில் சொன்ன நன்றியாகிவிடும்.

ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட இடம் பலிபீடத்தின் அருகே. எறையூரில் மறுக்கப்பட்ட இடம் கல்லறையில். 1950-இல் மறுக்கப்பட்டது ஒரு பட்டியலில். மூன்றையும் கேட்டு வாங்கும் வரை நம் ஸ்தோத்திரத்தில் ஒரு வரி பாக்கி இருக்கிறது. அதைப் பாடி முடிக்க வேண்டியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.