தரம் பிரித்தல்

பொருள்களின் குணம் பார்த்து வகைப்படுத்தி, வகைக்கேற்ப விலையோ மதிப்போ குறிக்கும் முறை. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் வட்டாரத்தில் இதற்கு நெல்லும் புளியும் கடுக்காயும் கைக்கெட்டும் எடுத்துக்காட்டுகள்.

அரசு கொள்முதலில் அரிசிமணியின் நீளம் அகலத்தைப்போல் 2.5 மடங்கோ கூடுதலோ இருந்தால் சன்ன ரகம். குறைந்தால் பொது ரகம். ஆனால் உழவர் அஞ்சுவது ஈரப்பதத்துக்குத்தான். வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம். கருவி வருமுன் பல்லே கருவி. கடித்த நெல் ‘டக்’கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் திரும்பவும் களத்தில் பரப்ப வேண்டியதுதான்.

புளிக்கு ஓடு, நார், கொட்டை எவ்வளவு நீங்கியிருக்கிறது என்பதோடு நிறமும் கணக்கு. புதுப்புளி செம்பழுப்பு, நாள்பட்டால் கறுக்கும். சிலர் பழம்புளியையே தேடுவதால், கடையில் கழித்துக்கட்டியது அடுக்களையில் முதல் தரமாகிவிடுவதும் உண்டு.

தோல் பதனிடுவதற்குப் போன கடுக்காய்க்குப் பழைய வணிகத் தரப்பெயர்கள் இடப்பெயர்களே: பிம்லி, ஜபல்பூர், மெட்ராஸ். வேளாண் பொருள்களின் தரத்துக்கு இடப்படும் அக்மார்க் முத்திரைக்கு அடிப்படை 1937ஆம் ஆண்டுச் சட்டம்.

பள்ளியில் இதே வேலை பிள்ளைகள்மேல் திரும்புகிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்குப் பாடத்துக்கு 100க்கு 35. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கம் 2017இல் கைவிடப்பட்டது. அதுவரை அந்தப் பட்டியல்தான் மறுநாள் செய்தித்தாள்களின் முதல் பக்கம். தவறியவர்களுக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு நடக்கிறது.