சேர்வது ஏன், ஒதுங்குவது ஏன்? செவிலியர் அமைப்புகளில் பங்கேற்புச் சிக்கல்

2018 செப்டம்பரில் பிரிட்டனின் செவிலியர் தொழிற்சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கின் தலைமைக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. வாக்களித்தவர்களில் முக்கால் பங்குக்கும் மேலானோர் அதை ஆதரித்தனர். ஆட்சிக்குழு பதவி விலக நேர்ந்தது. அந்த அமைப்பின் உறுப்பினர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். வாக்களித்தவர்களோ நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை.

சந்தாவைத் தவறாமல் கட்டுகிறவர்கள், வாக்கெடுப்பு என்று வரும்போது ஏன் ஒதுங்குகிறார்கள்? அக்கறையின்மை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. அது தவறான விடை. ஒருவரைச் சேரத் தூண்டும் காரணங்கள் வேறு, செயல்படத் தூண்டும் காரணங்கள் வேறு. பல செவிலியர் அமைப்புகள் முதலாவதைக் கவனித்துக்கொண்டு, இரண்டாவதை உறுப்பினரின் ஓய்வு நேரத்தின் தலையில் கட்டிவிடுகின்றன.

அமெரிக்கப் பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965இல் வெளியிட்ட நூலில் இச்சிக்கலின் ஒரு பாதியை விளக்கினார். ஊதிய உயர்வு வந்தால் போராடியவருக்கும் கிடைக்கும், வீட்டிலிருந்தவருக்கும் கிடைக்கும். ஆகவே பெரிய அமைப்புகள் உறுப்பினருக்கு மட்டுமே உரிய தனிச் சலுகைகளைக் காட்டி ஆள் சேர்க்கின்றன என்றார் அவர். செவிலியருக்கு இது நன்றாகவே பொருந்தும். மருந்தளவில் பிழை என்று ஒரு புகார் எழுந்தால் பதிவே பறிபோகலாம். அப்போது உடன் நிற்க ஒரு வழக்கறிஞர் வேண்டும். அந்தப் பாதுகாப்புக்காகச் சேர்ந்தவர், காப்பீட்டு பாலிசி எடுத்தவரைப்போல், தேவை வரும்வரை அமைப்பை நினைப்பதில்லை. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தில் ஆயுள் உறுப்பினராகச் சேரலாம். ஒரு முறை பணம் கட்டியவரை மீண்டும் தேடிப் போகவேண்டிய கட்டாயம் அமைப்புக்கு இல்லாமல் போகிறது.

ஓல்சன் விளக்காத மறுபாதி, நேரம். பிரிட்டன் மருத்துவமனைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பரவலாக உள்ளது. ஷிப்ட் முடிந்தாலும் நோயாளிகளைப் படுக்கை படுக்கையாக அடுத்தவரிடம் ஒப்படைத்து, பதிவேட்டை முடித்த பிறகே கிளம்ப முடியும். உலகச் செவிலியரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் பெண்கள். அவர்களில் பலருக்கு வீட்டில் இரண்டாவது டூட்டி காத்திருக்கிறது. 2023இல் பிரிட்டனில் வேலைநிறுத்த வாக்கெடுப்பைத் தபாலில்தான் நடத்தவேண்டும் என்று சட்டம் இருந்தது. சீட்டு வீட்டு முகவரிக்கு வரும். குறியிட்டு, உறையிலிட்டு, கெடுவுக்குள் திருப்பி அனுப்பவேண்டும். வீடு மாறி, புது முகவரியைத் தெரிவிக்காமல் விட்டவருக்குச் சீட்டே வராது. அவ்வாண்டு ஜூனில் முடிந்த ராயல் காலேஜ் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 84 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தும், அன்று சட்டம் கேட்ட 50 விழுக்காட்டுப் பங்கேற்பு கிடைக்கவில்லை. கிடைத்தது 43 விழுக்காடு. போராட்டம் அத்துடன் நின்றது.

அந்நாட்டுச் சட்டத்திலேயே இன்னொரு ஓரவஞ்சனை உண்டு. தொழிற்சங்கப் பொறுப்பாளர் தம் கடமைகளுக்காகச் சம்பளத்தோடு நேரம் பெறலாம். சாதாரண உறுப்பினர் சங்க நடவடிக்கைக்கு நேரம் கேட்கலாம், ஆனால் அதற்குச் சம்பளம் தரவேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தியாவில் நேரத்தோடு பதவிப் படிநிலையும் சேர்ந்துகொள்கிறது. மேற்சொன்ன செவிலியர் சங்கத்தின் வேர், 1905இல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்கள் தமக்கென அமைத்த சங்கம். தாதியர் அனைவருக்குமான அமைப்பு 1908இல்தான் பிறந்தது. இரண்டும் பின்னர் ஒன்றாயின. தொடக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை, அன்று அமைப்பு கட்டும் நிலையில் இருந்தவர்கள் அவர்களே. ஆனால் டூட்டி அட்டவணை போடுகிறவரே கூட்ட மேடையிலும் அமர்ந்திருந்தால், தொடர் நைட் டூட்டியைப் பற்றி வார்டு செவிலியர் அங்கே எப்படி வாய் திறப்பார்?

செவிலியருக்கு இயல்பிலேயே பொதுக்காரியத்தில் நாட்டமில்லை என்பவர்கள் இரண்டு நிகழ்வுகளுக்குப் பதில் சொல்லவேண்டும். அசல் சான்றிதழ்களை நிர்வாகம் பிடித்துவைத்துக்கொள்ளும் வழக்கமும் சொற்பச் சம்பளமும் நிலவிய கேரளத் தனியார் மருத்துவமனைகளின் செவிலியர், 2011இல் ஐக்கிய செவிலியர் சங்கமாகத் திரண்டு போராடினார்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகமான டிஎம்எஸ் வளாகத்தில் போராட உட்கார்ந்தவர்கள், மாதம் 7,700 ரூபாய்க்கு அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்த ஒப்பந்தச் செவிலியர். வேலை நிரந்தரமில்லாத, இழப்பதற்கு அஞ்சவேண்டிய அவர்களே தெருவுக்கு வந்தார்கள். கோரிக்கை அவர்களுடைய சம்பளச் சீட்டில் இருந்தது. முன்னின்று அழைத்தவர்களும் வார்டில் உடன் நிற்பவர்கள்.

போராட்டம் ஓய்ந்ததும் கூட்டம் கலைகிறது என்பது உண்மைதான். அப்போது அமைப்பின் பொறுமையான வேலையே கைகொடுக்கிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் பணிநிலை குறித்து 2011இல் உச்ச நீதிமன்றம் போனது பழைய இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம்தான். 2016இல் நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு, சிறிய மருத்துவமனைகளில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது எனப் பரிந்துரைத்தது. 2018இல் கேரளம் அதே தொகையைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. அதற்குள் அங்கே தெருவில் பல போராட்டங்கள் நடந்திருந்தன. வழக்கும் போராட்டமும் சேர்ந்த இடத்தில்தான் காகிதப் பரிந்துரை அரசாணையாயிற்று.

ஆகவே அமைப்புகள் உறுப்பினர் எண்ணிக்கையைப் பெருமையாக அச்சிடுவதோடு நின்றுவிடக் கூடாது. கூட்டங்களை டூட்டி நேரத்துக்குள் நடத்த நிர்வாகங்களிடம் உரிமை கேட்டுப் பெறவேண்டும். செயற்குழுவில் பாதி இடங்களை வார்டில் இன்றும் பணிபுரிபவருக்கு ஒதுக்கவேண்டும். இவ்விரண்டையும் செய்து பார்க்காத எந்த அமைப்புக்கும் தன் உறுப்பினரை அக்கறையற்றவர் என்று சொல்லும் தகுதி இல்லை.