ஆட்டுப்பாலிலிருந்து ஆழ்கடல்வரை

நோயைத் தரும் கிருமியைக் கண்டறிந்துவிட்டால் நோயின் மர்மம் முழுவதும் வெளிப்பட்டுவிட்டது என எண்ணுவது மனித இயல்பு. ஆனால், அக்கிருமி எவ்வுயிரிடத்திற் குடியிருக்கின்றது, எவ்வழியாக மனிதனை வந்தடைகின்றது என்பன விடை காணாத வினாக்களாக நின்றால், கண்டறிந்த பின்னரும் மக்கள் நோயுற்றுக்கொண்டே இருப்பர். மோல்ற்றாக் காய்ச்சலின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்று. மத்தியதரைக் கடலின் சிறு தீவொன்றில் வெள்ளாட்டின் குருதியோடு தொடங்கிய அவ்வரலாறு, இன்று வடகடற் பனிப்பாறைகளிடையே வாழும் கடல்நாய்களையும் திமிங்கிலங்களையும் தழுவி நிற்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மோல்ற்றாத் தீவிற் காவல் புரிந்த பிரித்தானியப் படைவீரர் பலர் விசித்திரமானதொரு காய்ச்சலால் வருந்தினர். காய்ச்சல் சில நாள் ஏறும், பின் தணியும், மீண்டும் ஏறும். மூட்டுகள் நோகும், வியர்வை பெருகும். மாதக்கணக்கில் நோயாளி எழுந்து நடமாட இயலாது கிடப்பார். அங்கு பணியாற்றிய படை மருத்துவர் டேவிட் புரூஸ், இறந்த வீரரின் மண்ணீரலிலிருந்து மிக நுண்ணிய பற்றீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து வளர்த்து, அதுவே நோயின் காரணம் என 1887ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அவருடைய மனைவி மேரி புரூஸ் நுணுக்குக்காட்டிப் பணியில் அவருக்கு உறுதுணையாக நின்றார். பிற்காலத்தில், 1920ஆம் ஆண்டில், புரூசின் பெயராலேயே அக்கிருமியினம் ‘புரூசெல்லா’ என அழைக்கப்பெற்றது.

கிருமி அகப்பட்டது, நோயோ அகலவில்லை. காற்றைக் குற்றஞ்சாட்டினர் சிலர். கழிவுநீரைக் குற்றஞ்சாட்டினர் வேறு சிலர். இவ்வாறு பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. இதனிடையே, 1897ஆம் ஆண்டில், அல்மரொத் றைற் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் இந்நோயை அறிதற்கு எளியதோர் பரிசோதனையை வகுத்தனர். கிருமி உடலினுட் புகும்போது, அதனை எதிர்ப்பதற்காக உடல் பிறபொருளெதிரி என்னும் பொருளை ஆக்குகின்றது. நோயாளியின் குருதியிலிருந்து பெற்ற தெளிநீரோடு அக்கிருமிகளைக் கலந்தால், கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். நோய் தீண்டாதவரின் தெளிநீரில் அவ்வாறு திரளமாட்டா. கிருமியையே தேடிப் பிடிக்காது, அது விட்டுச் சென்ற தடத்தைக் கண்டு அறியும் முறை இது.

1904ஆம் ஆண்டில் இந்நோயை ஆராய ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அதன் உறுப்பினராகிய தெமிஸ்தொக்கிளிஸ் சமிற் என்னும் மோல்ற்றா மருத்துவர் 1905ஆம் ஆண்டில் வெள்ளாடுகளின் குருதியைப் பரிசோதித்தார். ஆடுகள் கொழுத்து, நோயின் அறிகுறி எதுவுமின்றித் திரிந்தன. ஆயினும் அவற்றின் தெளிநீரில் கிருமிகள் திரண்டன! தொடர்ந்து நடந்த சோதனைகளில், தீவின் ஆடுகளுள் ஏறத்தாழப் பாதி கிருமியின் தடத்தைத் தாங்கியிருந்தமையும், பத்தில் ஒன்று தன் பாலிலேயே கிருமியைச் சொரிந்தமையும் புலனாயின. வீட்டு வாசலிலே கறந்து கொடுக்கப்பட்ட பாலே நஞ்சாக இருந்தது. 1906ஆம் ஆண்டில் படையினர்க்குப் பச்சை ஆட்டுப்பால் தடுக்கப்பட்டது. அவர்களிடையே நோய் விரைந்து வீழ்ந்தது. பச்சைப் பாலையே தொடர்ந்து பருகிய ஊர்மக்களிடமோ அது மேலும் பல ஆண்டுகள் நீடித்தது.

இதன்பின் மாடு, பன்றி, செம்மறி முதலிய விலங்குகளிலும் புரூசெல்லா இனங்கள் கண்டறியப்பட்டன. ஆயினும் இது தரையில் வாழும் விலங்குகளின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்து மாறுவதற்கு வேறொரு பேரழிவு வழிவகுத்தது. 1988ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் வடகடற் பகுதியில் ஏறத்தாழ 18,000 கடல்நாய்கள் மடிந்தன. அவற்றைக் கொன்றது வைரசு ஒன்று, பற்றீரியா அன்று. ஆனால், அந்நிகழ்ச்சியின் பின்னரே கரையொதுங்கும் கடற்பாலூட்டிகளின் உடல்களை முறையாக அறுத்து ஆராயும் ஏற்பாடு பிரித்தானியாவில் வலுப்பெற்றது. ஒன்றைத் தேடியவர் கண்ணில் மற்றொன்று பட்டது. 1994ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்துக் கரைகளில் ஒதுங்கிய கடல்நாய், கடற்பன்றி, ஓங்கில் ஆகியவற்றின் உடல்களிலிருந்து புரூசெல்லா பிரித்தெடுக்கப்பட்டமை வெளியாயிற்று. அதே ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓங்கில் ஒன்று குறைமாதத்தில் ஈன்ற குட்டியிலும் அக்கிருமி காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் திமிங்கில வகையினதற்குப் ‘புரூசெல்லா சீற்றி’ என்றும், கடல்நாய் வகையினதற்குப் ‘புரூசெல்லா பின்னிபீடியாலிஸ்’ என்றும் பெயர் சூட்டப்பட்டது.

தொழுவத்து மாட்டைக் கட்டிவைத்துக் குருதி எடுக்கலாம். கடலிற் திரியும் திமிங்கிலத்தை யார் கட்டிவைப்பது? எனவே ஆய்வாளர் கரையொதுங்கிய உடல்களையும், வேட்டையாடப்பட்ட விலங்குகளின் குருதியையும், ஆய்வுக்கெனப் பிடித்து மீள விடப்பட்ட கடல்நாய்களையுமே நம்பியிருக்கவேண்டியதாயிற்று. வட அத்திலாந்திக்கிற் சேர்க்கப்பட்ட தெளிநீரை ஆராய்ந்து 1999ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ‘ஹூடெட்’ என்னும் இனக் கடல்நாய்களுள் நூற்றுக்கு 35, மிங்கித் திமிங்கிலங்களுள் நூற்றுக்கு 8 என்ற அளவிற் பிறபொருளெதிரி இருந்ததைக் காட்டியது.

இவ்வெண்களை எவ்வாறு பொருள்கொள்வது? இங்கேதான் அறிவியலுக்குப் பொறுமை வேண்டும். பிறபொருளெதிரி இருப்பது, அவ்விலங்கு என்றோ ஒருநாள் கிருமியைச் சந்தித்தது என்பதற்குச் சான்று. அது இன்று நோயுற்றிருக்கின்றது என்பதற்குச் சான்றன்று. மேலும், இப்பரிசோதனைகளுட் பல மாட்டுக்கும் ஆட்டுக்குமென வகுக்கப்பட்டவை. கிருமியையே திசுவிலிருந்து வளர்த்தெடுத்தால் ஐயம் நீங்கும். ஆனால் அது அரிது. கடல்நாய்கள் பல, மோல்ற்றாவின் ஆடுகளைப் போலவே, கிருமியைத் தாங்கியும் வெளிப்பார்வைக்கு நலமாக உலவுகின்றன. ஓங்கில்களின் நிலை வேறு. கொஸ்தாரிக்காவின் பசிபிக் கரையில் ஒதுங்கிய வரியோங்கில்களின் மூளையை அக்கிருமி தாக்கியிருந்தமையும், அவை நேராக நீந்தவியலாது தடுமாறியமையும் 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வினாற் தெரியவந்தன.

மனிதனுக்கு இதனாற் தீங்குண்டா? கடற்பாலூட்டியிலிருந்து பெற்ற கிருமியைக் கையாண்ட ஆய்வுகூடப் பணியாளர் ஒருவர்க்கு நோய் தொற்றியமை 1999ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில் பெரு நாட்டைச் சேர்ந்த இருவரின் நோயும், 2006ஆம் ஆண்டில் நியூசீலாந்தர் ஒருவரின் முள்ளந்தண்டு நோயும் கடல்வகைப் புரூசெல்லாவினால் விளைந்தவை எனப் பதிவாயின. இம்மூவரும் கடற்பாலூட்டிகளைத் தொட்டதாகத் தெரியவில்லை. மனித நோயாளர் இவ்வாறு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஆயினும் கடல்நாயை வேட்டையாடி, அதன் இறைச்சியைப் பச்சையாகவும் உண்ணும் வடதுருவ மக்களுக்கும், கரையொதுங்கிய விலங்குகளைக் கையாளுவோர்க்கும் இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. கையுறை அணிவதும், வெறுங்கையால் உடலைத் தொடாதிருப்பதும், இறைச்சியை நன்கு சமைப்பதும் எளிய காப்புகள்.

புரூஸ் கிருமியைக் கண்டார். சமிற் அதன் இருப்பிடத்தைக் கண்டார். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் நோயுற்றவர் பலர், நலமாகத் தோன்றிய ஆட்டின்மீது எவரும் ஐயுறாமையாலேயே நோயுற்றனர். காட்டு விலங்குகளையும் கடல் விலங்குகளையும் இன்று பரிசோதிப்போர், அத்தகைய ஆண்டுகள் மீண்டும் வீணே கழியாதிருக்கவே உழைக்கின்றனர்.