ஒற்றை இங்கே, இரட்டை அங்கே

1970களில் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு புத்தகம் எந்த ஊருக்குப் போவது என்பதை அதன் அடுக்கு எண் தீர்மானித்தது. ஒற்றைப்படை எண் என்றால் லூவேனிலேயே இருப்பு. இரட்டைப்படை என்றால் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த லூவேன்-லா-நேவ் நகருக்குப் பயணம். மொழிச் சண்டையில் இரண்டாகப் போன பல்கலைக்கழகம், புத்தகம் பிரிக்கும்போது மட்டும் மொழியைப் பார்க்கவில்லை!

அந்த நூலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டின் 1425இல் நிறுவிய பல்கலைக்கழகத்தைப் பிரெஞ்சுக்காரர் 1797இல் இழுத்து மூடினார்கள். ஆயர்கள் 1830களில் மறுபடி தொடக்கினார்கள். 1914 ஓகஸ்ட் 25 இரவு ஜெர்மன் படை வைத்த தீயில் ஏறக்குறைய மூன்று லட்சம் நூல்கள் கரியாயின. ஜெர்மனி ஈடாக நூல்களைத் தரவேண்டும் என்று வெர்சாய் உடன்படிக்கையில் தனி உறுப்புரையே எழுதினார்கள், இலக்கம் 247. அமெரிக்கர் பணம் சேர்த்துக் கட்டிக்கொடுத்த கட்டடம் 1928இல் திறக்கப்பட்டது. 1940 மே மாதம் அதுவும் எரிந்தது. இந்த முறை போனது ஒன்பது லட்சம்.

மூன்றாம் முறை தீ தேவைப்படவில்லை. பிரெஞ்சு பேசும் வலோன்காரர் வெளியேற வேண்டும் என்று டச்சு பேசும் ஃபிளெமிஷ் மாணவர் தெருவில் இறங்கினார்கள். பல்கலைக்கழகம் ஒன்றாகவே இருக்கும் என்று ஆயர்கள் 1966இல் விட்ட அறிக்கை கோபத்தைக் கூட்டியது. 1968 பெப்ரவரியில் அரசாங்கமே கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பகுதிக்கு வயல்வெளியில் ஒரு நகரத்தையே கட்டினார்கள். முதல் மாணவர் 1972இல் வந்தார்கள்.

அதே காலத்தில் இங்கே இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. மருத்துவபீடம் புக 400 புள்ளிகளில் சிங்கள மொழி மாணவருக்கு 229 போதுமாயிருந்தது, தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் விளக்கு வைத்துப் படித்த பிள்ளைகளுக்கு அந்த 21 புள்ளி கடலைவிட அகலம். லூவேனில் புத்தகத்துக்குக்கூடப் பார்க்காத மொழியை இங்கே பிள்ளைகளுக்குப் பார்த்தார்கள்.

1981 ஜூன் 1 விடிவதற்குள் யாழ் நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்தன. அந்தத் தீயைப் பார்த்த அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர்விட்டது யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அறிந்த கதை. ஈடு கேட்க நமக்கு 247ஆம் உறுப்புரை ஏது? தப்பிய தமிழ் நூலும் ஒன்று உண்டு. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியை, ஊர்காவற்றுறை கரம்பொனில் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். தூரத்தில் கிடந்ததால் அது தப்பியது.

லூவேன் புத்தகங்கள் இன்றும் இரண்டு ஊரில்தான் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் 600ஆம் ஆண்டையொட்டி 2024 செப்டெம்பரில் போன பாப்பரசர் பிரான்சிஸ், 27ஆம் திகதி ஒரு பல்கலைக்கழகத்துக்கும் 28ஆம் திகதி மற்றதற்குமாகத் தனித்தனியே போகவேண்டியிருந்தது.