சிறைச்சாலையில் எழுத்தறிவு

சிறைச்சாலையின் வாயிலைக் கடந்து உள்ளே செல்லும் ஒருவனை முதன்முதல் எதிர்கொள்வது எழுத்தேயாகும். அவன் பெயர், ஊர், குற்றம், தண்டனை, அங்க அடையாளம் ஆகிய யாவும் ஒரு பதிவேட்டில் ஏறுகின்றன. எழுதியதன் கீழ் அவன் கையெழுத்திட வேண்டும். எழுத்தறியாதவனாயின் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றுகிறான். தன்னைப்பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதை அவன் அறியான். பின்னர் மேல்முறையீட்டு மனு எழுதவும், வீட்டிலிருந்து வரும் கடிதத்தைப் படிக்கவும் பிறர் தயவையே நாட வேண்டியவனாகிறான். சிறைக்குள் ஒரு சிறை என்று இதனைச் சொன்னால் மிகையாகாது. அந்த உட்சிறையின் கதவைத் திறக்க நம் நாட்டில் நிகழ்ந்த முயற்சிகளின் வரலாற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

கம்பெனியார் ஆட்சியில், 1836-ஆம் ஆண்டில், சிறை ஒழுங்கை ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர் மெக்காலே. அவரே அதில் உறுப்பினராகவும் இருந்தார். இந்தியாவில் ஆங்கிலக் கல்வி பரவவேண்டுமென்று 1835-இல் புகழ்பெற்ற குறிப்பொன்றை வரைந்தவரும் அவரே என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஆனால் 1838-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, கைதிக்குக் கல்வியோ, நீதிபோதனையோ, நன்னடத்தைக்குப் பரிசோ வேண்டுவதில்லை என்று முடிவு கூறிற்று. கைதிகள் சாலை போடும் வழக்கத்தை நிறுத்திச் சுவருக்குள்ளேயே அலுப்பூட்டும் வேலையைக் கொடுக்க வேண்டும் என்பதும் அதன் கருத்து. சிறை என்பது அஞ்சத்தக்க இடமாயிருந்தாற் போதும் என்று அவர்கள் எண்ணினார்கள். கைதிக்குக் கல்வி மறுக்கப்பட்டது மறதியினால் அன்று. நன்கு ஆராய்ந்து எடுத்த முடிவினாலேயே என்பது தெளிவு.

எனினும் அம்முடிவு எங்கும் அப்படியே நிலைத்துவிடவில்லை. வடமேற்கு மாகாணத்தில் 1844-இல் சிறைகளுக்கெனத் தனி மேலதிகாரி ஒருவர் ஏற்பட்டார். 1850-ஐ அடுத்த ஆண்டுகளில் ஆக்ரா முதலிய இடங்களில் கைதிகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் முயற்சிகள் தொடங்கின. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது வட இந்தியச் சிறைகள் பல உடைக்கப்பட்டன. அதற்குப் பின் ஆட்சியாளரின் கவலையெல்லாம் சுவரின் உயரத்தைப் பற்றியதாகவே இருந்தது.

1866-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து மேரி கார்ப்பெண்டர் என்னும் அம்மையார் வந்தார். பிரிஸ்டல் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கும் குற்றம் புரிந்த சிறுவர்களுக்கும் பள்ளிகள் நடத்தியவர் அவர். இளமையிலேயே இராஜாராம் மோகன் ராயை அறிந்தவர். ஆமதாபாத், சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களின் சிறைகளை அவர் நேரிற் கண்டார். பெண்கல்வியோடு சிறைச் சீர்திருத்தத்தையும் அவர் அரசாங்கத்திடம் வற்புறுத்தினார். 1876-இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் பிறந்தது. அது சிறுவர்களுக்கு மட்டுமே உரியது. வளர்ந்தவன் இனி எழுத்துக் கற்றுப் பயன் என்ன என்னும் எண்ணம் அன்று மாறவில்லை. 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமும் ஒழுங்கையும் காவலையும் உழைப்பையுமே பெரிதும் பேசிற்று.

1919-இல் நியமிக்கப்பட்ட இந்தியச் சிறைக் குழுவே இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம். சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஸர் அலெக்ஸாண்டர் கார்டியூ அதன் தலைவர். குழுவினர் இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் சிறைகளைப் பார்த்தனர்; அந்தமானுக்கும் சென்றனர். குற்றவாளியைத் திருத்திச் சமுதாயத்துக்குத் திருப்பித் தருவதே சிறையின் நோக்கம் என்று அவர்கள் எழுதினார்கள். கல்வியும் அந்நோக்கத்தின் ஒரு பகுதியாக ஏற்கப்பட்டது. 1838-இல் சாத்திய கதவு கொள்கையளவில் திறந்தது. ஆனால் 1919-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தால் சிறை நிர்வாகம் மாகாணங்களின் பொறுப்பாயிற்று. ஆகவே ஒரு மாகாணத்தில் நடந்தது மற்றொன்றில் நடக்கவில்லை.

இந்நிலையில் சிறைக்குள் புதியதொரு கூட்டம் நுழைந்தது. தேச விடுதலைக்காகப் போராடிய வழக்கறிஞரும் ஆசிரியரும் மாணவரும் கைதிகளாயினர். அவர்கள் சிறையைப் பள்ளியாக்கிக்கொண்டனர். காந்தியடிகள் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் தமிழும் எரவாடாச் சிறையில் உருதுவும் பயின்றதாகத் தம் சுயசரிதையிற் கூறியுள்ளார். 1932-இல் துலியாச் சிறையில் விநோபா பாவே ஞாயிறுதோறும் கீதையைப் பற்றி உடனிருந்த கைதிகளுக்குப் பதினெட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஸானே குருஜி அவற்றை எழுதி வைத்தார்.

படிக்கும் உரிமை எளிதில் கிட்டியதன்று. 1929-இல் லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாவிரதமிருந்து உயிர் துறந்தார். அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் நூல்களும் பத்திரிகைகளும் அடங்கும். 1933-இல் அந்தமான் தனிச்சிறையில் நடந்த உண்ணாவிரதத்தில் மூவர் மாண்டனர். அங்கே கேட்கப்பட்டவை நல்ல உணவு, படிக்க நூல்கள், இரவில் விளக்கு முதலியன. விளக்குக்காக உயிர் போயிற்று என்பதை இன்று கேட்க வியப்பாயிருக்கலாம். பொழுது சாய்ந்ததும் அறை பூட்டப்படும் இடத்தில், விளக்கில்லாதவனுக்கு நூல் இருந்தும் பயனில்லை அன்றோ?

இங்கே ஓர் உண்மையை நாம் மறைத்தல் தகாது. இச்சலுகைகள் பெரும்பாலும் அரசியற் கைதிகளோடு நின்றுவிட்டன. 1930-க்குப் பின் கைதிகள் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பினராகப் பிரிக்கப்பட்டபோது, மேல்வகுப்புக்கு நூல்கள் கிடைத்தன. சாதாரணக் கைதிகள் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பில் பழைய நிலையிலேயே இருந்தனர். ஆயினும் அந்நாட்கள் நமக்கொரு பாடத்தை விட்டுச் சென்றன. சிறையில் ஆசிரியரை வெளியே தேட வேண்டுவதில்லை. அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லித்தர இடமளித்தாற் போதும் என்பதே அது.

நாடு விடுதலையடைந்தபின், 1951-52-இல் ஐக்கிய நாடுகளின் சார்பில் டாக்டர் வால்ட்டர் ரெக்லெஸ் என்னும் அறிஞர் வந்து இந்தியச் சிறைகளை ஆராய்ந்தார். பின்னர் 1957-இல் அமைந்த அகில இந்தியக் குழுவின் உழைப்பால் 1960-இல் மாதிரிச் சிறை விதித்தொகுப்பு உருவாயிற்று. எழுத்துக் கல்வியோடு தொழிற்கல்வியும் சமூகக் கல்வியும் அதில் இடம் பெற்றன. ஆனால் அரசியலமைப்பின்படி சிறை மாநிலங்களுக்குரிய பொருள். ஏற்பதும் விடுவதும் அவற்றின் விருப்பம். 1980 முதல் 1983 வரை ஆராய்ந்த நீதிபதி முல்லா குழுவும் பழைய குறைகள் பலவற்றை மீண்டும் கண்டது.

1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றிற்று. 1993 முதல் 1995 வரை தில்லி திகார்ச் சிறைக்குத் தலைமை அதிகாரியாயிருந்த கிரண் பேடி, படித்த கைதிகளைக்கொண்டே படியாதவர்களுக்கு வகுப்புகள் நடத்தச் செய்தார். 1994-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வி மையமும் அங்கே ஏற்பட்டது. கைதியாய் நுழைந்தவர் பட்டதாரியாய் வெளிவர வழி பிறந்தது. அகரம் பயில்வோரும் பட்டத்துக்குப் படிப்போரும் ஒரே மதிலுக்குள் இருந்தனர். 2016-ஆம் ஆண்டு மாதிரி விதித்தொகுப்பில் கைதிகளின் கல்விக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. 2023-இல் மத்திய அரசாங்கம் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக மாதிரிச் சட்டம் ஒன்றையும் வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது.

எனினும் ஒரு பெருந்தடை எஞ்சி நிற்கிறது. 2022-ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டுச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் நூற்றுக்கு 75-க்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றவரல்லர், விசாரணைக் கைதிகள். சிறைப்பள்ளியோ நெடுந்தண்டனை பெற்றவனை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. விசாரணைக் கைதி நாளையே ஜாமீனில் போகலாம். மூன்றாண்டுகள் காத்திருக்கவும் நேரலாம். அவனைக் கட்டாயமாக வேலை வாங்கச் சட்டம் இடந்தராது. ஆதலால் பொழுது மிகுதியாய் உண்டு. அதன் எல்லைதான் தெரிவதில்லை. அவனுக்கேற்ற பாடம் எது? ஒவ்வொரு வாரமும் தன்னளவில் நிறைவுபெறும் சிறு பாடமாக அது இருக்க வேண்டும்; முதலிற் பெயர், பின்பு ஊர், பின்பு வழக்கு எண், பின்பு கடிதம் என்று படிப்படியாய்ச் செல்ல வேண்டும். பாதியில் வெளியேறினாலும் கற்ற மட்டும் கைவசம் நிற்கும். மீதியை அவன் ஊரிலேயே தொடர ஏற்பாடும் வேண்டும்.

படித்தவர் குற்றம் செய்வதில்லையா என்று சிலர் வினவுவர். செய்கின்றனர். எழுத்து ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்று நாம் உறுதி கூற இயலாது. ஆனால் தன் வழக்கைத் தானே படித்தறியவும், தன் மனுவைத் தானே எழுதவும், தன் மகளின் கடிதத்தைப் பிறர் கண்ணில் படாமல் வாசிக்கவும் அது வகை செய்யும். 1838-இல் மறுக்கப்பட்டது இதுவே. விடுதலை நாளில் அதே பதிவேடு அவன்முன் மீண்டும் விரிகிறது. உள்ளே வரும்போது விரலை ஒற்றியவன், வெளியே போகும்போது எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவானாயின், அந்தச் சிறை தன் கடமையில் ஒரு பங்கையேனும் செய்துவிட்டது என்று நாம் கொள்ளலாம்.