மந்திரப் பாத்திரங்களின் வலிமை: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஓர் ஒப்பீட்டு வரலாறு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது 1974-இல் அமெரிக்காவில் வெளியான, மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. ஒருவர் நடுவராக இருந்து கதை நிகழும் உலகை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று சொல்வார்கள். வெற்றியா தோல்வியா என்று தெரியாத இடங்களில் பகடை உருட்டப்படும். வீரர், பூசகர், திருடர், மந்திரவாதி எனப் பாத்திரங்களில் பல வகைகள் உண்டு. மந்திரம் அறிந்த வகைகளுள் எது வலிமையானது, அந்த வலிமைக்கு முன்னால் வாளேந்திய வீரருக்கு வேலை இருக்கிறதா என்ற கேள்விகள் அரை நூற்றாண்டாக விவாதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பதிப்பும் இவற்றுக்கு வேறு விடை தந்துள்ளது.

வரமும் வரம்பும்

இந்தச் சிக்கல் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளில் விடிய விடிய ஆடப்படும் தெருக்கூத்துகளில் கர்ண மோட்சம் புகழ்பெற்றது. கர்ணனிடம் இருந்த ஆயுதங்கள் பெரியவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு இருந்தது. இந்திரன் தந்த சக்தி ஆயுதத்தை ஒருமுறைதான் ஏவ முடியும்; அருச்சுனனுக்கென்று வைத்திருந்ததைக் கடோற்கசன் மீது செலவிட நேர்ந்தது. நாகக்கணையை இரண்டாம் முறை தொடுப்பதில்லை என்று குந்திக்கு அவன் வாக்குக் கொடுத்ததாகத் தமிழ் மரபு சொல்கிறது. தேவையான நேரத்தில் மந்திரம் மறந்துபோகும் என்பது பரசுராமரின் சாபம். எத்தனை முறை, எப்போது, யார் மீது என்பவையே ஓர் ஆயுதத்தின் மதிப்பை முடிவு செய்தன. இந்த விளையாட்டின் மந்திர விதிகளும் அதே கணக்கில்தான் அமைந்தன.

தோற்றம்

1971-இல் கேரி கைகேக்ஸ், ஜெஃப் பெர்ரன் ஆகியோர் சிறு பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்காகச் செயின்மெயில் என்ற விதிநூலை வெளியிட்டனர். அதன் கற்பனைப் பகுதியில் மந்திரவாதி இடம்பெற்றார். அவர் எறியும் தீக்கோளம் பெரிய கல்லெறி பொறியின் தாக்குதலுக்கு இணையாகக் கணக்கிடப்பட்டது. அதாவது, மந்திரவாதி முதலில் ஒரு நடமாடும் பீரங்கியாகவே கருதப்பட்டார்.

1974-இல் கைகேக்ஸும் டேவ் ஆர்னசனும் மூன்று சிறு நூல்களாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டனர். முதல் அச்சில் 1,000 படிகள். வீரர், மந்திரவாதி, பூசகர் என மூன்றே வகைகள். மந்திரம் செயல்படும் முறையை ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட டையிங் எர்த் என்ற கதைநூலிலிருந்து எடுத்துக்கொண்டனர். அக்கதைகளில் மந்திரவாதி சில மந்திரங்களை மட்டுமே மனத்தில் ஏற்றிக்கொள்ள முடியும்; ஒன்றை ஏவியதும் அது நினைவிலிருந்து அகன்றுவிடும். 1975-இல் வந்த கிரேஹாக் துணைநூல் மந்திரவாதியின் உச்ச மந்திரப் படியை 6-லிருந்து 9-ஆக உயர்த்தியது. அதே நூல் அவருடைய உயிர்ப்புள்ளிக்கு நான்குமுகப் பகடையையும் வீரருக்கு எட்டுமுகப் பகடையையும் வகுத்தது.

முதல் ஏற்பாடு: தொடக்கத்தில் வறுமை

1978-இல் வெளியான மேம்பட்ட பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் முதல் நிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். கவசம் அணிய முடியாது. மந்திரம் சொல்லும்போது அடி விழுந்தால் அது வீணாகும். இழந்த மந்திரத்தை மீண்டும் மனத்தில் ஏற்ற, அதன் படி ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் படிக்க வேண்டும். இரண்டாம் நிலையை அடையத் திருடருக்கு 1,251 அனுபவப் புள்ளிகள் போதும். வீரருக்கு 2,001, மந்திரவாதிக்கு 2,501 தேவை. தொடக்கத்தில் துன்பப்பட்டவருக்குப் பின்னர் பேராற்றல் என்பதே இந்த ஏற்பாடு.

ஆனால் அது முழுவதும் அப்படி நடக்கவில்லை. ஏழாம் நிலைக்கு வீரருக்கு 70,001 புள்ளிகள் தேவைப்பட, மந்திரவாதிக்கு 60,001 போதுமானதாக இருந்தது. தீக்கோளம் கைவரும் ஐந்தாம் நிலையைத் தாண்டியதும் அவர் வேகமாகவும் வளர்ந்தார். அவரைக் கட்டுப்படுத்தியது வேறொரு விதி. மந்திரத்திலிருந்து தப்பும் வாய்ப்பு, தாக்கப்படுபவரின் நிலையைப் பொறுத்தே அமைந்தது. எதிரி பெரியவராக ஆக, மந்திரம் பலிப்பது அரிதாயிற்று.

இக்காலத்தில் இந்தியப் புராணங்களும் விளையாட்டுக்குள் நுழைந்தன. 1977-இல் வெளியான மான்ஸ்டர் மேனுவல் நூலில் ராட்சசர் இடம்பெற்றனர். எட்டாம் படிக்குக் குறைந்த எந்த மந்திரமும் அவர்களைப் பாதிக்காது. பூசகர் ஆசீர்வதித்த அம்பு ஒன்று தைத்தால் இறந்துவிடுவர். உச்ச நிலை எட்டாத மந்திரவாதி கைகட்டி நிற்க, பூசகரும் வில்லாளியும் சேர்ந்து காரியத்தை முடிப்பார்கள்.

2000: வரம்புகள் தளர்ந்த காலம்

1997-இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் இவ்விளையாட்டை வாங்கியது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லா வகைகளுக்கும் ஒரே அனுபவப் பட்டியலைத் தந்தது. தப்பும் வாய்ப்பு இப்போது மந்திரத்தின் படியையும் ஏவுபவரின் அறிவுத்திறனையும் பொறுத்து மாறியது. அடி விழுந்தாலும் கவனம் சிதறாமல் மந்திரத்தைக் காப்பாற்றும் திறன் வந்தது. விதிகள் எளிதாயின, பழைய தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின.

சோர்சரர் என்ற புதிய வகையும் இப்பதிப்பில்தான் வந்தது. விசர்ட் ஏட்டைப் படித்து மந்திரங்களை முன்கூட்டியே தேர்ந்து வைப்பவர். சோர்சரர் பிறவியிலேயே ஆற்றல் பெற்றவர். சில மந்திரங்களே தெரியும், ஆனால் அவற்றுள் வேண்டியதை வேண்டிய நேரத்தில் ஏவலாம்.

இப்பதிப்பின் 2003 திருத்தத்தை ஆடியவர்கள் வகைகளை ஆறு தட்டுகளாக வரிசைப்படுத்தினர். பரவலாக ஏற்கப்பட்ட அந்த வரிசையில் விசர்ட், பூசகர், டுரூயிட் ஆகியோர் முதல் தட்டில் நின்றனர். சோர்சரருக்கு இரண்டாம் தட்டு, வீரருக்கு ஐந்தாவது. அங்கே அளக்கப்பட்டது ஓர் அடியின் வலு அன்று; எத்தனை விதமான சிக்கல்களை ஒருவர் தீர்க்கிறார் என்பதே. பூட்டைத் திறக்கவும், ஆற்றைக் கடக்கவும், விலங்காக மாறிச் சண்டையிடவும் ஒருவராலேயே முடிந்தால், மேசையில் இருக்கும் மற்ற மூவர் எதற்கு என்பதுதான் புகாரின் சாரம்.

2008: எல்லோருக்கும் ஒரே அளவு

நான்காம் பதிப்பு துணிந்து ஒரு தீர்வை முன்வைத்தது. வீரர், மந்திரவாதி வேறுபாடின்றி எல்லோருக்கும் எப்போதும் பயன்படுத்தும் ஆற்றல், மோதலுக்கு ஒருமுறை ஆற்றல், நாளுக்கு ஒருமுறை ஆற்றல் என ஒரே அமைப்பு தரப்பட்டது. சமநிலை கிடைத்தது. ஆனால் எல்லா வகைகளும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன என்ற குறை எழுந்தது. பழைய விதிகளையே விரும்பியவர்களில் பலர் 2009-இல் பைசோ நிறுவனம் வெளியிட்ட பாத்ஃபைண்டருக்கு மாறினர்.

2014: நாளின் நீளமே அளவுகோல்

ஐந்தாம் பதிப்பு மந்திரவாதிக்குத் தீராத சிறு மந்திரங்களைத் தந்தது. பதிலுக்கு, தொடர்ந்து நீடிக்கும் மந்திரங்களில் பலவற்றை ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே தாங்கலாம் என்று கட்டுப்படுத்தியது. இப்பதிப்பின் ஐந்தாம் நிலைப் பாத்திரங்களை வைத்து ஒரு கணக்குப் பார்க்கலாம். தீக்கோளம் மூன்றாம் படி மந்திரம். எட்டு ஆறுமுகப் பகடைகள், சராசரி 28 புள்ளி சேதம்.

விசர்ட் அதை இருமுறை ஏவலாம். சற்று ஓய்வெடுத்தால் நாளில் ஒருமுறை இழந்த ஆற்றலை மீட்டு மூன்றாவதும் ஏவலாம். சோர்சரர் தம் ஐந்து மந்திரப் புள்ளிகளையும் செலவிட்டு, ஓய்வே இன்றி மூன்றாவதை ஏவலாம். நரகத் தலைவன் ஒருவனுடன் உடன்படிக்கை செய்துகொண்ட வார்லாக்குக்கு இரண்டே வாய்ப்பு. ஆனால் ஒருமணி நேர ஓய்வுக்குப் பின் இரண்டும் திரும்பிவிடும். இரண்டு ஓய்வு கிடைத்தால் ஆறு தீக்கோளங்கள். ஓய்வே கிடைக்காவிட்டால் இரண்டுதான். அப்போதும் விசர்ட்டிடமும் சோர்சரரிடமும் கீழ்ப்படி மந்திரங்களுக்கான ஏழு வாய்ப்புகள் மீதமிருக்கும்.

தேர்வின் அகலமும் வேறுபடும். அதே நிலையில் விசர்ட்டின் ஏட்டில் குறைந்தது 14 மந்திரங்கள் இருக்கும். சோர்சரருக்கு ஆறே தெரியும். பூசகரோ தம் பட்டியலில் தமக்கு எட்டிய படிகளின் மந்திரங்கள் அனைத்திலிருந்தும் நாள்தோறும் தேர்ந்துகொள்ளலாம். 2024 திருத்தம் சோர்சரருக்கான மந்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டியது இக்குறையை ஒட்டியே.

இப்பதிப்பின் நடுவர் கையேடு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் வரை எதிர்பார்த்தது. ஒரே மோதலோடு நாள் முடிந்தால் விசர்ட் கையிலிருப்பதையெல்லாம் அதிலேயே கொட்டிவிடுவார், வீரர் பின்தங்குவார். மோதல்கள் நீண்டால், தளராத வாள் வீச்சுக்கு மதிப்பு கூடும். ஆகவே எது வலிமையான வகை என்ற கேள்விக்கான விடையில் பாதி விதிநூலில் இருக்கிறது. மீதிப் பாதி அன்று எத்தனை மோதல்கள், எப்போது ஓய்வு என்று முடிவு செய்யும் நடுவரிடம் இருக்கிறது. புதிதாக ஆடத் தொடங்குவோர் பட்டியல்களைப் பார்ப்பதற்கு முன் தங்கள் நடுவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது பயன் தரும்.