தோலின் இரண்டு வரலாறுகள்

தச்சுப்பட்டறையில் வஜ்ஜிரம் காய்ச்சுகிற நாற்றத்தை அறிந்தவர்களுக்குக் கொலாஜன் புதுச் சரக்கல்ல. மாட்டுத்தோலைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள கொலாஜன் பசையாக இறங்கும். பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் பெயரே வந்தது. அதையே நொதிகளால் சின்னத் துண்டுகளாக வெட்டி, 'பெப்டைடு' என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். குடிச்சா முகச்சுருக்கம் போயிடுமாம். கூடவே ஊசியால் முகத்தைத் துளைத்து ஸ்டெம் செல் எக்ஸோசோமையும் தடவினால் இளமை இரட்டிப்பாகத் திரும்புமாம். இந்த 'மாம்'களுக்கு ஒரு வரலாறு உண்டு.

கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1954இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். சோதனைக்கான கங்காரு வால் தசைநார், அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. இதைச் சென்னையின் பெருமை என்கிறோம், சரி. ஆனால் தோலுக்கென்று ஒரு நிறுவனம் இங்கே ஏன் வந்தது? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் ஷாப்புகள் பரவிக் கிடந்ததால். அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தலித்துகள். அறிவியல் வரலாறு இவர்களை அடிக்குறிப்பில்கூடச் சேர்ப்பதில்லை.

தோல் பதனிடுதல் என்பதே கொலாஜனை அழுகவிடாமல் நிறுத்துகிற வேலைதான். குரோமிய உப்பு அந்த இழைகளைப் பிணைத்துவிடுகிறது. செத்த தோலுக்கு ஆயுளைக் கூட்டிய அதே குரோமியம், உயிருள்ள தொழிலாளியின் கையில் புண்ணாகிறது. பாலாற்றுப் படுகை கெட்டதற்கு ஆலைகளே பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

எக்ஸோசோமின் கதை வேறு. 1983இல் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டன் குழு, முதிரும் ஆட்டு இரத்தச் செல்கள் நுண்பைகளை வெளித்தள்ளுவதைக் கண்டது. செல் தன் குப்பையைக் கொட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். செல்களுக்கிடையே சேதி சுமப்பவை அவை என்பது பிறகே தெளிவானது. சேதி தெரிந்ததும் சந்தை வந்துவிட்டது. 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நெப்ராஸ்காவில் சிலருக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டதையடுத்து, தான் அங்கீகரித்த எக்ஸோசோம் பொருள் எதுவுமில்லை என்று எச்சரித்தது. கொலாஜன் பெப்டைடு பற்றிய 23 சோதனைகளை 2025இல் தொகுத்துப் பார்த்தபோது, கம்பெனிப் பணம் வாங்காத ஆய்வுகளில் பலன் தென்படவில்லை.

நிரூபணமாகாத இரண்டைக் கலந்தால் நிரூபணமான ஒன்று கிடைத்துவிடாது. விலைதான் கூடும். ஆனால் அறிவியல் வாதம் மட்டும் போதாது. தோலைத் தொட்டவனைத் தள்ளிவைத்த சமூகம், அந்தத் தோலின் சாரத்தைக் காசு கொடுத்துக் குடிக்கிறது. நாற்றம் போன பிறகு தீட்டும் போய்விடுகிறது. பண்டத்துக்குத் தீட்டுக் கழிந்தது, அதில் உழைத்த உடலுக்குக் கழிந்ததா?

முதுமையை ஒரு நோயாகக் கற்பிக்கும் சொல்லாடல் எல்லாத் தோலையும் பற்றிப் பேசுவதில்லை. முப்பது வயதில் தொட்டியடியில் வெடித்துக் கிழடான கைகளுக்கு இளமை திரும்புவது பற்றி எந்த விளம்பரமும் இதுவரை கவலைப்பட்டதில்லை.